வளையல் ஏறாத கை

1. போன மாதம் அளவு பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல், வளைகாப்பன்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் ஏறவில்லை.
2. கூடியிருந்த பெண்கள் ரங்கத் பஜார் கடைக்காரரைத் திட்டினார்கள்.
3. சோப்பு நுரை தடவி எப்படியோ ஏற்றினார்கள்.
4. நான் அவள் கணுக்காலை விரலால் அழுத்தினேன். விழுந்த குழி மெதுவாகத்தான் நிறைந்தது.

"ஏம்மா, வளைகாப்பு வீட்லயும் ஒனக்கு ஆஸ்பத்திரி டியூட்டியா? புள்ளத்தாச்சி உடம்பு பூரிக்கத்தான் செய்யும்" என்றாள் அவளுடைய மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்.

"எனக்கென்னக்கா? தபியத் பில்குல் டீக், ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. காலையில அஞ்சு கொடம் தண்ணி எடுத்தேன். ஒரு தலவலிகூடக் கெடையாது" என்றாள் அவள்.

அடுத்த கப்பலில் அவள் மெயின்லேண்டு போவதாக இருந்தது. ராமநாதபுரத்தில் அம்மா வீட்டில் பிரசவம். கல்யாணமாகி இங்கே அந்தமானுக்கு வந்தபின் அம்மாவை அவள் பார்த்ததேயில்லை. டிரங்குப் பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிச் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினேன். மேல்பாதி அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியது. ஆசிட் சொட்டு விட்டும் தெளியவில்லை. புரதம் இறங்குகிறது என்று அர்த்தம். டாக்டர் பிரஷர் பார்த்தார். கொஞ்சம் ஏறியிருந்தது. இது வலிப்பில் போய் முடியலாம், நடுக்கடலில் வந்தால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற முடியாது, கப்பல் வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் அவள் அழுதாள். "நல்லா இருக்கறவளப் புடிச்சு பீமார்னு சீக்காளி ஆக்கிட்டீங்களேக்கா. எங்கம்மா வழி பாத்துக்கிட்டு இருக்கும்."

நன்றாக இருக்கிறாள் என்பது உண்மைதான். அவளை லேபுக்குள் அழைத்துப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஒரு குழாயில் அவளுடையது, இன்னொன்றில் என்னுடையது. இரண்டையும் அவள் கண்ணெதிரே சூடாக்கினேன்.

மாறிமாறிப் பார்த்தாள். "ஒங்களுது தெளிவா இருக்கே" என்றாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. "இவனுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அம்மாவுக்குத் தந்தி குடுக்கணும்" என்றாள்.

கப்பல் போய்விட்டது. அவள் இப்போது போர்ட் பிளேரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உப்பில்லாச் சாப்பாடு, பெரும்பாலும் படுக்கை. வலிப்பு வரவில்லை. குழந்தை அசைகிறது. பிரசவம் இன்னும் ஆகவில்லை. அவள் அம்மா ராமநாதபுரத்திலிருந்து மதராசுக்கு வந்து, இங்கே வரக் கப்பல் டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.