அணையில் நீந்திய கரடி

சொரிமுத்துவுக்கு எண்கள் மட்டுமே எழுத வரும். தேயிலைத் தோட்டத்தில் மூட்டைகளை எடை போட்ட காலத்தில் கற்றவை. அந்த எண்களை நம்பித்தான் 1996 பங்குனியில், பாபநாசம் அணைக்கு மேலுள்ள காட்டில் கரடி ஆராய்ச்சிக்கு வந்த முகுந்தன் அவரை வேலைக்குச் சேர்த்தார். உடன் நானும் சேர்ந்தேன்.

ஒரு பெண் கரடியின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டியிருந்தார்கள். சொரிமுத்து ஒரு பாறையிலும் நான் வேறொரு பாறையிலும் நிற்போம். அரைமணிக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஆன்டெனாவைச் சுழற்றி, பட்டையிலிருந்து வரும் 'டிக் டிக்' ஒலி எங்கே வலுக்கிறதோ அந்தத் திசையின் பாகையைத் திசைகாட்டியில் பார்த்து எழுத வேண்டும். இரு பாறைகளிலிருந்தும் வரைபடத்தில் கோடு இழுத்தால், அவை வெட்டும் இடத்தில் கரடி இருக்கும். மழையிலும் அட்டைக்கடியிலும் பத்து மாதம் இதையே செய்தோம். தாள்கள் கல்லிடைக்குறிச்சியில் இருந்த முகுந்தனுக்குப் போயின. ஒவ்வொன்றின் கார்பன் நகலும் என்னிடம் இருந்தது.

தை மாதம் முகுந்தன் மொத்தமாகக் கோடு இழுத்துப் பார்த்தார். பல கோடுகள் அணையின் நடுவில் வெட்டின. பிசகியவை சொரிமுத்துவின் கோடுகள். முகுந்தன் மலையேறி வந்தார்.

"கரடி தினமும் அணையில நீந்திண்டா இருந்தது? டீக்கடையில உக்காந்து எழுதியிருக்கேள்!"

"பாறையிலதான் நின்னேன் சார்."

18.1.1997 தேதியிட்ட கடிதத்தின்படி, 'பொய்க் குறிப்பு எழுதியமைக்காக' அவரும், 'உடந்தையாக இருந்தமைக்காக' நானும் நீக்கப்பட்டோம். செய்தி எங்களுக்கு முன்பே அடிவாரத்துக்கு இறங்கிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, ஒம்ம கரடி குளிச்சு முடிச்சுட்டா வே?" என்பார் டீக்கடை ஷேக் மைதீன். கடை முழுவதும் சிரிக்கும். சொரிமுத்து கடைக்கு வருவதையே நிறுத்தினார்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய நில அளவை நூல் ஒன்றில், திசைகாட்டியின் அருகே இரும்பு இருக்கலாகாது என்ற வரியைச் சித்திரையில் படித்தேன். மறுநாளே அவரைப் பாறைக்கு அழைத்துச் சென்று, கோயில் கோபுரத்தின் பாகையைக் கேட்டேன். வலக்கையில் குச்சியை ஆன்டெனாபோல் பிடித்தார். இடக்கையில் திசைகாட்டி, இடக் கக்கத்தில் அரிவாள்.

"எண்பத்தி நாலு."

வரைபடத்தில் எழுபத்திரண்டு.

"அரிவாள கீழ வையும் அண்ணாச்சி."

"காட்டுல அரிவாள கீழ வச்சா, கரடி வந்து கேட்டா நீரா பதில் சொல்லுவீரு?"

தள்ளி வைத்தார். பார்த்தார். மீண்டும் பார்த்தார்.

"எழுபத்திரெண்டுல்லா காட்டுது!"

பிழை திசைக்குத் திசை மாறியது. எல்லாத் திசைகளுக்கும் அட்டவணை தயாரித்து, பத்து மாத எண்களையும் திருத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து முகுந்தன் நான்கு வரி எழுதினார். திருத்திய கோடுகள் சரிவிலுள்ள குகையருகே வெட்டுகின்றன; சொரிமுத்துவின் அளவுகள் பயன்படுத்தத்தக்கவை. நீக்கக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு மூன்று முறை எழுதினேன். கடிதம் கிடைத்ததற்கான ஒப்புதல் அட்டைகள் மட்டும் திரும்பி வந்தன.

"பொய்னு எழுதினத அடிச்சுட்டாங்களா?" என்று கேட்டார் சொரிமுத்து.

"இல்ல அண்ணாச்சி."

அரிவாளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"சரி. அந்த நாலு வரிய மைதீன் கடையில வச்சுப் படியும்."

படித்தேன். ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஷேக் மைதீன் நிறுத்தினார்.

"அப்ப கரடி அணைக்குப் போகலியா?"

"போகல," என்றார் சொரிமுத்து. அரிவாளைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.