படம் எடுத்த பிறகு விழுந்த சோறு

என் மகள் தீயணைப்பு வேலைக்கு மனுப் போட்டபோது, எழுத்துத் தேர்வைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன். அதில் சுலபமாகத் தேறிவிட்டாள். உடல் தகுதித் தேர்வுக்கு வந்த அழைப்பில், உயரத்துக்கு ஏற்ற எடை இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறிப் பார்த்தாள்; எடை கூடுதலாக இருந்தது. வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை விட்டால் அடுத்த முறை இல்லை.

அவளைப் போலவே எடை குறைக்க வேண்டிய நான்கைந்து பேர் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். சுபாங் ஜெயா, கிள்ளான், பந்திங் என்று ஆளுக்கோர் ஊர். சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுத்துப் போட வேண்டும். ஞாயிறு காலை எடையைச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் சாட்சியாகக் குழுவில் இருக்க வேண்டும். மகள் என்னைச் சேர்த்தாள்.

"அம்மாவச் சேர்க்கலியா?" என்று கேட்டேன்.

"அம்மாவா? பந்திங் பையனோட தட்டப் பாத்தா, பாவம் புள்ள பட்டினி கிடக்குதுன்னு சோறு கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்கப்பா."

நான் கடைகளுக்கு உரிமம் வழங்கும் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். விதி இருந்து நடைமுறை இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. படத்தை நேர் மேலிருந்து எடுக்க வேண்டும், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தேக்கரண்டி வைக்க வேண்டும் என்று குழுவில் எழுதினேன்.

"அங்கிள், நாங்க கடையா தொறக்குறோம்? சோறுதான் லா திங்கிறோம்" என்று கிள்ளான் பெண் பதில் போட்டாள். ஆனாலும் மறுநாள் எல்லாத் தட்டுகளின் பக்கத்திலும் தேக்கரண்டி இருந்தது. நான் அதிகாரியாக இருந்த காலத்தில் என் சுற்றறிக்கைக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

வாரங்கள் போயின. மற்றவர்களின் எடை இறங்கியது. என் மகளுடையது அசையவில்லை. மாலையில் திடலைச் சுற்றி ஓடிவிட்டு, வியர்வையோடு வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, உங்க தட்டுதான் டயட்ல இருக்கு போல" என்று பந்திங் பையன் கிண்டல் செய்தான். முன்பெல்லாம் அவனுக்குச் சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பவள், அன்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

எனக்கும் சந்தேகம் வந்தது. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு வடைக் கடை இருக்கிறது. அங்கே சாப்பிடுகிறாயா என்று கேட்டும் விட்டேன். அவள் கோபப்படவில்லை. "எல்லாப் படமும் இருக்குப்பா, பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினாள். பார்த்தேன். நேர் மேலிருந்து எடுத்த படங்கள், பக்கத்தில் தேக்கரண்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் மீன் குழம்பு. அவள் படம் எடுத்தாள், கைப்பேசியைத் தள்ளி வைத்தாள், குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். என் மனைவி பின்னால் வந்து ஒரு கரண்டி சோறு போட்டாள். சற்று நேரம் கழித்து இன்னொன்று. மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் போடுவது தொடக்கம்தான். சாப்பிடுகிறவர் கேட்பதில்லை, போடுகிறவரும் கேட்டுப் போடுவதில்லை. பிறந்ததிலிருந்து அப்படிச் சாப்பிட்டவளுக்கு, தட்டில் வந்து விழுவது தெரிவதே இல்லை. நான் படத்தைச் சோதித்தேனே தவிர, சாப்பாட்டைச் சோதிக்கவில்லை.

பிறகு அடுப்படிக்குப் போனேன். "அவளுக்கு ஏன் மறுபடி மறுபடி போடுற?"

"புள்ள மெலிஞ்சு போச்சுங்க."

"மெலியத்தானே இந்தப் பாடு படுறா?"

அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எடை கூடினா எடுக்க மாட்டாங்கதானே?" என்றாள் திரும்பாமல். "எரியிற வீட்டுக்குள்ள இவதான் போகணுமா? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

சாப்பிட்ட தட்டோடு மகள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன்.

"பயமா இருந்தா சொல்லும்மா. சோத்தப் போட்டா என்ன அர்த்தம்?"

"சொன்னா நிறுத்திடுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலையே மகள் அம்மாவையும் குழுவில் சேர்த்தாள். அம்மா முதலில் எழுதியது ஒரு கேள்வி: "உங்க வீட்ல அம்மாவுக்கெல்லாம் பயமா இல்லையா?"  எப்போதும் கிண்டல் செய்யும் பந்திங் பையன்தான் பதில் எழுதினான்: "எங்கம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்க ஆன்டி. தினம் கோயிலுக்குப் போக மட்டும் ஆரம்பிச்சிருக்காங்க."

அதை என் மனைவி பலமுறை படித்தாள். மறுநாள் மேசையில் சோற்றுப் பானையை மகளின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். மகள் தானே அளவாகப் போட்டுக்கொண்டாள்; அவள் எடையும் இறங்கத் தொடங்கியது. குழுவில் காலித் தட்டையும் படம் எடுத்துப் போடும் வழக்கம் வந்தது. அதை யோசித்தது நானல்ல, என் மனைவி.

தேர்வு நாளில் திடலுக்கு வெளியே மர நிழலில் காத்திருந்தோம். மகள் ஓடி வந்தாள். எடையும் சரி, ஓட்டமும் சரி. நான் கை குலுக்கினேன். என் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தீயணைக்கப் போடுற உடுப்பு ரொம்பக் கனமா இருக்குமாடி?"

"கனம்தாம்மா."

"அதையும் போட்டுக்கிட்டு ஓடணுமா?"

"ஓடணும்மா."

என் மனைவி அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் காரை நோக்கி நடந்தாள்.