முடிதிருத்துபவர் வெட்டாமல் விட்ட செடி

சந்து முனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவருக்குக் கை சும்மா இருக்காது. ஆள் வராத நேரத்தில் துண்டின் பிசிறுகளை நறுக்குவார். துடைப்பத்தின் நுனியைச் சமமாக்குவார். "பூனை வால் தப்பிச்சதே பெரிசு" என்பாள் மனைவி.

கடை வாசலில் ஒரு செடி. எதிர்மாடியில் தேனீ வளர்க்கும் மைத்துனர் நட்டது. இந்த மண்ணுக்கே உரிய செடி. தழை காய்ந்தாலும் வேர் சாகாமல் ஆண்டுதோறும் துளிர்க்கும். மற்ற பூக்களெல்லாம் ஓய்ந்த பிறகுதான் பூக்கும். அந்தக் கடைசிப் பூவை நம்பித்தான் தேனீக்கள் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும். நட்டு மூன்று வருடமாகியும் செடி ஒரு பூகூடப் பூக்கவில்லை. போன குளிரில் மைத்துனரின் இரண்டு தேனீப் பெட்டிகளில் ஒன்று காலியாகிவிட்டது.

இந்த வருடம் செடி முழங்கால் அளவு வளர்ந்திருந்தபோது மைத்துனர் வந்து குந்திப் பார்த்தார். தண்டுகளெல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன.

"இது யாரு வேலை மச்சான்?"

"நான்தான் மாப்ள. பரட்டையா கெடந்துச்சு. மாசாமாசம் ஒழுங்கு பண்ணி விடுவேன்."

"அய்யோ, நுனியிலதான் மொட்டே வரும்! கிருதாவோட சேத்து பூவையும் வழிச்சிருக்கீங்களே!"

அவருக்குச் சுருக்கென்றது. காலிப் பெட்டி கண்முன் வந்தது. இனித் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

செடி நெஞ்சளவு உயர்ந்து நடைபாதையில் சாய்ந்தது. "ஊருக்கே தலை வெட்டுறீங்க, வாசல்ல நிக்கிறவருக்கு ஒரு கட்டிங் கெடையாதா?" என்றார் தபால்காரர்.

"அவரு முடி வளக்குறாரு சார்."

சொல்லிவிட்டாரே தவிர, மனம் கேட்கவில்லை. கதவை மறைத்த தண்டை மட்டுமாவது எடுத்துவிடலாமென்று ஒருநாள் கத்திரியோடு குனிந்தார். நுனியில் கடுகளவு மொட்டுகள், கொத்தாக. கத்திரியைப் பையில் போட்டுவிட்டு, சணல் கயிற்றால் செடியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்.

ஊர்ப் பூக்களெல்லாம் உதிர்ந்தபின் வாசல் மஞ்சளானது. நாள் முழுக்கத் தேனீக்களின் இரைச்சல். வாடிக்கையாளர்கள் ஒருக்களித்து உள்ளே வந்தார்கள்.

குளிர் விட்ட முதல் வெயிலில் மைத்துனர் அவரை மாடிக்கு அழைத்துப் பெட்டியைத் திறந்தார். சட்டங்களில் இடமில்லாமல் தேனீக்கள் மொய்த்தன.

"பொழச்சிருச்சு மச்சான்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் மைத்துனர். "உங்களாலதான்."

"எனக்கெதுக்குப்பா நன்றி? மூணு வருசம் வெட்டுனேன். கோவிச்சுக்காம திரும்பத் திரும்பத் துளுத்துச்சே, அதுக்குச் சொல்லு."

கீழே இறங்கி வந்தபோது கடையில் ஆள் காத்திருந்தார். "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, வாசலில் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்த செடியின் துளிரைச் சுற்றி, யாரும் மிதித்துவிடாதபடி கற்களை அடுக்கினார்.