இருபத்து மூன்றாம் இலக்கம்

கணினியைத் திறந்ததும், கழித்த படங்களின் சிவப்புப் பட்டியலில் கிடக்கும் இருபத்து மூன்றை இழுத்து, ஏற்ற படங்களின் பச்சைப் பட்டியலில் போடுகிறார் சரோஜாதேவி. பிறகுதான் கைப்பையைத் தோளிலிருந்து இறக்குகிறார். மென்பொருள் அதைத் திரும்பவும் சிவப்புக்கே தள்ளிவிடும். மறுநாள் காலையில் இவர் திரும்பவும் எடுத்துப் போடுவார்.

பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. மாதம் நிறையாமல் பிறந்து, மூச்சுக்குத் தவித்து இறந்த குழந்தைகளின் நுரையீரலை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார். அதன் படத்தில் உள்ள காற்றறைகளை மென்பொருள் அளக்கும். அது தடுமாறும் இடங்களில் இவர் மவுஸால் ஓரம் வரைந்து காட்டுவார். பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கு ஒருமுறை விளக்கினார்: "நல்ல நொரையீரல் பாண் ரொட்டி மாதிரிங்க, பொடிப்பொடி ஓட்டையா இருக்கணும். இதுகளுக்கு ஓட்டை பெருசு, எண்ணிக்கை கம்மி. மூச்சு எங்க நிக்கும்?"

வரையும்போது உதடு அசைகிறது. "ஆடாத தங்கம், கோடுதான் போடுறேன்." படத்தில் எதுவும் ஆடுவதில்லை.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் அவருடைய தங்கை சுலோஜனா, வயிற்றுப் பிள்ளையோடு ஏழாம் மாதம்வரை, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்தவள். கொழுந்தைத் தவறாமல் நிறுத்தார்கள். அவளை நிறுத்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. செத்த பிறகு அவள் குழந்தையை மயிரிழை பிசகாமல் அளக்கிறார்கள்.

பத்தொன்பது நாள் இருந்த அந்தப் பெண் குழந்தைதான் இருபத்து மூன்று. "ஆய்வுக்குக் குடுத்தா நாலு புள்ளைங்க பொழைக்கும்டி" என்று சொல்லித் தங்கையிடம் கையெழுத்து வாங்கியதும் சரோஜாதேவிதான். "முப்பத்தோராம் நாள்தான் நாங்க பேரு வைப்போம். அதுக்குள்ள போயிருச்சு. அதுக்குன்னு இருக்கிறது இந்த நம்பர் மட்டுந்தாங்க."

இருபத்து மூன்று யாருடைய குழந்தை என்று தெரியாத டொக்டர் தனேஸ்வரன், யாழ்ப்பாணத்துக்காரர், வந்து நிற்கிறார். "மிஸ், இண்டைக்குப் பட்டியலை மூடுறம். இருபத்து மூண்டை விடுங்கோ. வெட்டேக்க கிழிஞ்சு போச்சு. கிழிசலையும் ஓட்டை எண்டு அளந்தால் முழு ஆய்வும் பிழைச்சுப் போகும்." கிழிசலை ஒதுக்கினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. சொல்வது சரிதான், அதுதான் கொடுமை. தானே குனிந்து அந்த இலக்கத்தை நீக்குகிறார்.

"சரிங்க டொக்டர்."

அவர் போனதும் என் பக்கம் திரும்புகிறார் சரோஜாதேவி. "வெட்டுனது நாந்தாங்க. லேபல் ஒட்டும்போதே ஆஸ்பத்திரிச் சீட்டப் பாத்து யாரு புள்ளன்னு தெரிஞ்சிருச்சு. கத்தி கோணிருச்சு." நுரையீரலைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியில் மறுபடி வெட்ட மிச்சமில்லை.

தினமும் மலையிலிருந்து இறங்கியதும் சுலோஜனா கைபேசியில் கூப்பிடுவாள். கேட்பது ஒன்றே ஒன்று: "என் புள்ளய சேத்துக்கிட்டாங்களாக்கா?" "சேத்தாச்சு" என்பதே இவர் இதுவரை சொல்லிவந்த பதில்.

இன்றும் அடிக்கிறது. சரோஜாதேவி கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறார். பட்டியலில் இல்லாத அந்தப் படத்தைத் திறந்து, கிழிசலின் ஓரமாக மெதுவாகக் கோடு போடத் தொடங்குகிறார்.