எர்முகானுக்கு வைத்த நெஞ்சுக்கறி

என் தங்கை உல்போசின் காஸ்பியன் கடலின் பனிமேல் நடந்து கடல்நாய்களை எண்ணுகிறவள். அடுத்தது ஆணாகட்டும் என்று அப்பா வைத்த பேர் அது. அடுத்து யாரும் பிறக்கவில்லை; தேவையும் இருக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்று எங்கள் ஊர்க் கடலாய்வு நிலையத்தின் சமையலறைக்கு வந்தேன். அவள் அஸ்த்ரகான் வரை போய்ப் படித்துவிட்டு அதே நிலையத்தின் ஆய்வறைக்கு வந்தாள்.

மாஸ்கோவின் காசு வந்த காலத்தில் கடல்நாயின் தோலுக்கு மதிப்பிருந்தது. வருஷத்துக்கு எத்தனை அடிக்கலாம் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்ததால் படகு வந்தது, விமானம்கூட வந்தது. மாஸ்கோ ஆண்ட ஒன்றியம் உடைந்ததும் சம்பளத்துக்குப் பதில் மாவு மூட்டை வந்தது. பாதிப் பேர் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ஓடினார்கள். பிறகு தலைநகர் அஸ்தானா கண் விழித்து, முட்டைக்கு விலைபோகும் ஸ்டர்ஜன் மீனுக்குக் காசு என்றது. மறுநாளே நிலையத்தில் எல்லோரும் ஸ்டர்ஜன் மீனுக்கே பிறந்தவர்கள் ஆனார்கள். கடல்நாய் அறையில் மீன் தீவன மூட்டைகளை அடுக்கினார்கள்.

உல்போசின் மட்டும் விடுப்பு போட்டுவிட்டு மீனவர்களின் பனிவண்டியில் தொற்றிக்கொண்டு போவாள். கடல்நாய்கள் மிரளக் கூடாதென்று படுக்கை விரிப்புகளைக் கிழித்து அவளுக்கு வெள்ளை மேலங்கி தைத்தது நான்தான். கன்னம் வெடித்து ரத்தம் கசியத் திரும்பி வருவாள். ஆட்டு வாலில் எடுத்த கொழுப்பை உருக்கித் தடவிவிடுவேன்.

பிறகு ஒரு வசந்தத்தில் கரையெல்லாம் கடல்நாய்கள் செத்து ஒதுங்கின. தொலைக்காட்சியில் காட்டினார்கள். உடனே கடல்நாய்க்குத் தேசியத் திட்டம், அதற்குக் காசு. அதுவரை ஸ்டர்ஜன் தொட்டிகளைச் சுற்றி வந்த எங்கள் இயக்குநர் எர்முகான் ஒரே இரவில் கடல்நாய் அறிஞர் ஆனார். இத்தனை குளிர்காலம் என் தங்கை எடுத்த கணக்கைத் தன் பேரில் அஸ்தானாவுக்கு அனுப்பினார்.

"பேரு யாருதா இருந்தா என்ன, உல்போசின்? கடல்நாய்க்குக் காசு வந்தா சரிதானே?" என்று அவர் கேட்டபோது நான் அங்கேயே தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தலையாட்டினாள். எனக்குப் பற்றி எரிந்தது. காசு அவர் பேரில் வந்தால் அது மீன் தொட்டிக்குத்தான் போகும், அவள் இனிப் பனியை மிதிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

காசை யார் பேரில் கொடுப்பது என்று முடிவு செய்ய அஸ்தானாவிலிருந்து குழு வந்தது. தலைவர் தோரேபெக், நரைத்த மீசைக்காரர். மறுநாள் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள், முதல்நாள் மாலை விருந்து. எர்முகான் உல்போசினைக் கூப்பிட்டு, "நீ தேநீர் ஊத்து. விருந்தாளிங்க முன்னாடி வேலையப் பத்திப் பேச வேண்டாம்" என்றார். ஐம்பது வயதுக்காரியை, புதிதாக வந்த மருமகள் உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார்.

நான் ஆட்டை வெட்டினேன். எங்கள் பக்கம் எலும்பைக் கோடரியால் உடைப்பதில்லை. மூட்டு மூட்டாகக் கத்தியால் பிரிப்போம். எந்தத் துண்டு யாருக்கு என்பதில் நான் இதுவரை தவறியதில்லை. தலையைத் தோரேபெக்கின் முன்னால், மூக்கு அவரைப் பார்க்கும்படி வைத்தேன். அடுத்த மரியாதை இடுப்பெலும்புக்கு. எர்முகான் அதற்காகச் சட்டைக்கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார். அதைக் குழுவில் வந்த இன்னொரு பெரியவருக்கு வைத்துவிட்டு, எர்முகானின் முன்னால் நெஞ்சுக்கறியை வைத்தேன்.

எர்முகான் மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"கன்சிபா அக்கா, தட்டு மாறிப்போச்சு. இது மாப்பிள்ளைக்கு வைக்கிறதாச்சே" என்று எர்முகான் சிரித்தார்.

"மாறலைங்க தம்பி. மாப்பிள்ளைக்குத்தான் வெச்சேன்."

"நான் எந்த வீட்டுக்கு மாப்பிள்ளை?"

"எங்க வீட்டுக்குத்தான். வந்தீங்க, நாங்க வளத்ததத் தூக்கிட்டுப் போனீங்க. பொண்ணுக்குப் பரிசமா ஒரு நொண்டிக் குதிரைகூட ஓட்டிட்டு வரலை. இருந்தாலும் மாப்பிள்ளையாச்சே, நெஞ்சுக்கறி வைக்காம விட முடியுமா?"

யாரோ வாயிலிருந்த தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். "அக்கா, போதும்" என்றாள் உல்போசின்.

தோரேபெக் சிரிக்கவில்லை. "என்னம்மா தூக்கிட்டுப் போனாரு?"

"நாளைக்கு உங்க முன்னாடி படிக்கப் போறாரே ஐயா, கடல்நாய்க் கணக்கு, அதைத்தான். பனிமேல போனது யாருன்னு அவரையே கேளுங்க. அவருக்குக் குளிர் ஒத்துக்காது. ஆய்வறை ஜன்னலத் திறந்தாலே தும்முவாரு."

எர்முகானின் கழுத்து சிவந்தது. "சமையக்காரி பேச்சைப் பெருசா எடுத்துக்காதீங்க, ஐயா."

"எடுத்துக்கல. தேநீர் ஊத்துறவங்க யாரு?"

"இங்கதான் வேலை பாக்குறாங்க."

"என்ன வேலை?"

எர்முகான் நெஞ்சுக்கறியைப் பார்த்தார். உல்போசின்தான் தேநீர்க் குடுவையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "கடல்நாய் எண்ணுறேன், ஐயா."

தலையைப் பெறுகிறவர்தான் அதை அறுத்துப் பங்கிட வேண்டும். தோரேபெக் கத்தியை எடுத்தார். காதை இளையவர்களுக்குக் கொடுத்தார். கண்ணைத் தோண்டி, என் தங்கையை அருகில் கூப்பிட்டு அவள் உள்ளங்கையில் வைத்தார். எங்கள் வழக்கத்தில் பெரியவர் தன் சார்பில் பார்க்க வேண்டியவருக்குத்தான் அந்தத் துண்டைக் கொடுப்பார். "காலையில நீங்க பேசுங்க. இயக்குநர் தேநீர் ஊத்தட்டும்" என்றார். பந்தியே அதிர்ந்து சிரித்தது. எர்முகானும் சிரித்தாக வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் ஆசை தீர நினைத்துப் பார்ப்பதுண்டு.

திட்டம் உல்போசினின் பேரில் வந்தது. கேட்டதைவிடக் குறைவாகத்தான் வந்தது, விமானம் இல்லை. ஆனாலும் அவளுக்கென்று சொந்தமாக ஒரு பனிவண்டி, கூட எண்ண இரண்டு பெண்கள். தீவன மூட்டைகளை அறையிலிருந்து எர்முகானே ஆள் விட்டுக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. நான் வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தேன்.

துறைமுகத்தில் அவருக்கு இப்போது பேர் மாப்பிள்ளை. படகுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். அஸ்தானாவில் நடந்த ஒரு கூட்டத்தில்கூட யாரோ, "வாங்க மாப்பிள்ளை" என்றார்களாம்.

ஓய்வு பெற்ற பிறகும் விழாவென்றால் நிலையத்துக்குச் சாப்பிட வருகிறார். போன நவ்ரூஸ் புத்தாண்டு அன்று கறியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உல்போசின் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இந்தத் தடவையாவது வேற துண்டு வை. பாவம், வயசாயிடுச்சு அவருக்கு."

"வயசானா மாப்பிள்ளை இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டு, நெஞ்சுக்கறியைத் தட்டில் வைத்தேன்.