பின்னால் நீட்டிய கை

எதிர்வீட்டுக்காரியைப் பார்த்து எனக்குப் பொறாமை. அன்றைக்கு இருந்தது, போய்விட்டது என்று சொல்லி முடிக்க முடியாது. இப்போது நினைத்தாலும் அடிவயிறு லேசாகக் காந்துகிறது. அவள் என்னைவிட அழகி இல்லை. என்னைவிட நல்ல சேலை கட்டியவளும் இல்லை. அவள் வைக்கும் புளிக்குழம்பு இருக்கிறதே, அதை நான் வாயில் வைக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு வாய்த்த மாதிரி எனக்குப் புருஷன் வாய்க்கவில்லை. இதைச் சொல்ல நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்தேன். ஒரு வளவுக்குள் எதிரும் புதிருமாக வாடகை வீடுகள், நடுவில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். என் வீட்டுக்காரருக்கு நூற்பு மில்லில் வேலை. எதிர்வீட்டுக்காரருக்கும் அதே மில், அதே ஷிப்டு. அதுதான் என் எரிச்சலுக்கு முதல் காரணம். பெரிய உத்தியோகம், பெரிய படிப்பு என்று ஏதாவது இருந்திருந்தால் 'அவர் வேற மாதிரி ஆளு' என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஒரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஓடி, ஒரே மாதிரி தலையெல்லாம் பஞ்சு ஒட்டித் திரும்பி வருகிறவர்கள் இரண்டு பேரும். அதில் ஒருத்தருக்கு மட்டும் பொண்டாட்டியிடம் எப்படி இருக்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

நடக்கிற விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் புருஷன் முன்னால் போவார், பொண்டாட்டி பின்னால் போவாள். கடைக்குப் போனாலும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான், துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். முன்னால் போகிறவர் கையை வீசிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவள் பையையும் தூக்கிக்கொண்டு, சேலையையும் இழுத்துச் சொருகிக்கொண்டு, அவர் சட்டை நிறத்தை அடையாளம் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வர வேண்டும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பிப் பார்ப்பது ஆம்பளைக்கு அழகில்லையாம். பஸ்ஸில் மட்டும்தான் நான் முன்னால் இருப்பேன், பெண்களுக்கு முன்வாசல் என்பதால்.

எதிர்வீட்டு ஜோடி பக்கத்தில் பக்கத்தில் நடந்தது. கையைக் கோத்துக்கொண்டோ, தோளில் சாய்ந்துகொண்டோ அல்ல. சும்மா சேர்ந்து நடந்தார்கள், அவ்வளவுதான். பை அவர் கையில் இருக்கும். அவள் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். அவர் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, "பொறவு?" என்று கேட்பார். நின்று கேட்பார்! குழாயடியில் என் குடம் நிரம்பி வழிவதுகூட எனக்குத் தெரியாது. அப்படி என்னதான் பேசுவார்களோ என்று மண்டை காயும்.

ஒரு நாள் காய்கறி வாங்கிவிட்டு அவர்கள் திரும்பும்போது வேண்டுமென்றே பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்தேன். கத்தரிக்காயில் புழு இருந்ததாம். இவள் கேட்டாளாம். அதற்குக் கடைக்காரன் ஏதோ சொன்னானாம். அம்புட்டுத்தான் பேச்சு. ஏதாவது பெரிய ரகசியமாக, வெளியில் சொல்ல முடியாத கொஞ்சலாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஒரு சொத்தைக் கத்தரிக்காய்க்கு ஒரு ஆம்பளை "பொறவு?" கேட்கிறார்! அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டே அந்தக் கத்தரிக்காய்க் கதையை எடுத்தேன். அவர், "குழம்பை ஊத்து" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். சம்பளத்தைக் கொண்டுவந்து வீட்டில்தான் கொடுப்பார். "தங்கமான மனுசன்ட்டி, இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?" என்று ஊரே கேட்டது. அதுதான் என் சங்கடம். அடித்தால் அழலாம், நாலு பேரிடம் சொல்லலாம். என்னை ஒரு ஆளாகக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஹோட்டலுக்குப் போனால் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே "ரெண்டு பேருக்கும் இட்லி" என்பார். எனக்குப் பூரி பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. எதிர்வீட்டுக்காரரைப் பற்றி ஒரு தடவை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சிக்கிட்டு அலையுதான்" என்று சிரித்தார்.

கல்யாணமான மறுவருஷம் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். என் அம்மா வீடு அங்கேதான். நாச்சியார் சூடிக் களைந்த மாலைதான் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட சாமி இருக்கிற ஊர். அந்தச் சாமியும் ஆம்பளைதானே!

சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினோம். ரதவீதியில் ஜனம் நெரிந்தது. வழக்கம்போல அவர் முன்னால், நான் பின்னால். வழியில் ஒரு வளையல் கடை. அங்கே நிற்கிறார்கள் எதிர்வீட்டு ஜோடி! அவர்களும் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒவ்வொரு வளையலாக எடுத்து அவள் சேலையோடு வைத்துப் பார்க்கிறார். "இந்தப் பச்சை எடுப்பா இருக்கும், போட்டுப் பாரு" என்கிறார். அவள் "வேண்டாம், சிவப்பு" என்கிறாள். உடனே அவர் சிவப்பை எடுக்கிறார். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. பொறாமை ஆளை எரிக்கும் என்பார்கள், என்னை நட்டு வைத்துவிட்டது.

நினைவு வந்து திரும்பினால் முன்னால் போன நீலச் சட்டையைக் காணோம். கூப்பிட முடியுமா? புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. "என்னங்க" என்று கத்தினால் ரதவீதியில் பாதி ஆம்பளைகள் திரும்புவார்கள், என் வீட்டுக்காரரைத் தவிர. கூட்டத்தை இடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ராஜபாளையம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பின் ஜன்னலோரம் நீலச் சட்டை. நேரே முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையைத் தட்டியிருந்தால் யாராவது பஸ்ஸை நிறுத்தியிருப்பார்கள். எனக்குக் கையே எழவில்லை. போகட்டும், என்னைக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார் என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. பஸ் போனதும் விறுவிறுவென்று அம்மா வீட்டுக்கு நடந்தேன்.

அதன் பிறகு ராஜபாளையத்தில் நடந்ததை வளவுப் பெண்கள் பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் அவர் இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறார், எனக்கும் சேர்த்து. இறங்கினார். பொண்டாட்டி பின்னால் வருகிறாள் என்ற நினைப்பிலேயே கையை வீசிக்கொண்டு வீடு வரை நடந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார். சாவி எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, "சாவியைக் கொடு" என்றார்.

கை நீட்டியது நீட்டியபடி இருந்ததாம். "ஏட்டி, சாவிங்கேன்ல" என்று ஒரு அதட்டல் வேறு. குழாயடியில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி பாவம் பார்த்து, "அண்ணே, பின்னால யாருமில்லண்ணே" என்று சொன்ன பிறகுதான் திரும்பினாராம். வெறும் வாசல்.

அப்படியும் மனிதர் அசரவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டார். செத்த நேரத்தில் எதிர்வீட்டு ஜோடி வளையலோடு வந்து சேர்ந்தது. "அக்கா எங்கண்ணே?" என்று அவள் கேட்டதற்கு, "எங்க போயிரப் போறா? வந்துருவா" என்றாராம். ரெண்டு பஸ் வந்து போகிற நேரம் ஆயிற்று. நான் வரவில்லை. அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

இங்கே அம்மா வீட்டில் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய்தான் வீம்பு பேசியது, உள்ளுக்குள் பயம். வராமலே இருந்துவிட்டால்? காணாமல் போனதுகூட ஒரு பொருட்டில்லை என்றால், நான் எந்த மூஞ்சியோடு அந்த வளவுக்குத் திரும்பிப் போவது? அம்மா என்னைத்தான் வைதாள். "ஆம்பளைன்னா முன்னாலதான் போவாவ. நீதான் ஒட்டி நடக்கணும். கல்லானாலும் கணவன்ட்டி."

"கல்லைக்கூடக் கண்ணைத் திறந்துவிட்டுத்தானம்மா கோயில்ல வைக்காவ" என்றேன். அம்மா விளக்குக்குத் திரி திரிக்கத் தொடங்கினாள். அவளும் ஆயுசு முழுக்க அப்பாவின் முதுகைப் பார்த்து நடந்தவள்தான்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார். நீலச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, உடனே அதை மறைக்கக் கோபமும் வந்தது. "ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? பின்னாலயே வாரதுக்கு என்ன கேடு?"

அம்மா, "உக்காருங்க மாப்பிள்ளை, காப்பி கொண்டாரேன்" என்று அடுப்பங்கரைக்கு நழுவினாள். நான் எழுந்திருக்கவே இல்லை.

"எந்த இடத்துல என்னைத் தொலைச்சியன்னு சொல்லுங்க. பேசாம வாரேன்."

"என்ன பேச்சு பேசுத?"

"சொல்லுங்க. கோயில்லயா? ரதவீதியிலயா? பஸ் ஸ்டாண்டுலயா? பஸ்ல ஏறுனேனா, ஏறலையா?"

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். கண் அங்கும் இங்கும் போயிற்று. கோயில் வாசலிலிருந்து ராஜபாளையத்து வீட்டுக் கதவு வரைக்கும் எந்த இடத்திலும் நான் இருந்ததாக அவருக்கு ஒரு ஞாபகமும் இல்லை. அது எனக்கு முன்னாலேயே தெரியும், அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கோபமெல்லாம் வடிந்துவிட்டது. "தெரியலை" என்றார்.

பஸ்ஸின் ஜன்னலில் அவர் தலையைப் பார்த்தபோது வராத அழுகை அந்த ஒரு சொல்லுக்கு வந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். "சாவிக்குத்தான வந்திய. இந்தாங்க."

அவர் வாங்கவில்லை. "சாவிக்கு வரலைட்டி" என்றார். சாவியைத் திரும்ப இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தேன்.

பஸ்ஸில் நான் முன்வாசலில் ஏறினேன். அவரும் என் பின்னாலேயே முன்வாசலில் ஏறி, என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பின்னால சீட்டு காலியாக் கிடக்கு. லேடீஸ் பக்கம் என்ன வேலை?" என்று சத்தம் போட்டார். அவர் நகரவில்லை. கண்டக்டர் மறுபடியும் அதட்டவும், பஸ்ஸே கேட்கிற மாதிரி, "மத்தியானம் இவளை விட்டுட்டுப் போயிட்டேன்யா. இப்ப நிக்கேன், விடும்" என்றார். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. "நில்லுங்கண்ணே, நல்லா நில்லுங்க" என்றாள் ஒருத்தி. எனக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சீக்கிரம் சிரித்துவிட்டால் மலிந்துபோவோம் இல்லையா?

ஒரே நாளில் ஆம்பளை மாறிவிடுவான் என்று நான் கதை விட மாட்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பழக்க தோஷத்தில் முன்னால் போனார், தெரு முனையில் நினைவு வந்து நின்றார். பச்சையா சிவப்பா என்று வளையல் கடையில் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. அந்த வகையில் எதிர்வீட்டுக்காரியை என்னால் கடைசி வரை ஜெயிக்க முடியவில்லை. எனக்கும் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. கூட வருகிறவள் வருகிறாளா என்று கழுத்தைத் திருப்ப எம்புட்டு நேரமாகும்?

அன்றைக்கு ராஜபாளையத்தில் இறங்கியதும், "நீ முன்னால போ" என்றார். மலைக்காற்று எதிரில் அடித்தது. முதல் தடவையாக என் முன்னால் யார் முதுகும் இல்லாமல் தெருவில் நடந்தேன். நடந்தேனே தவிர நிம்மதியில்லை. நாலு எட்டுக்கு ஒரு தரம் கழுத்து தானாகத் திரும்பியது. வருகிறாரா, இருக்கிறாரா என்று பார்த்தேன். அவருக்குச் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும்.

"என்னட்டி திரும்பித் திரும்பிப் பாக்க? நான் எங்க போயிரப் போறேன்?"

"நானும் எங்க போயிரப் போறேன்னுதான நீங்க நெனச்சிய."

பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் மறுபடியும் கேட்டது, வேகமாக வந்தது, எனக்குப் பக்கத்தில் வந்து என் நடைக்குச் சரியாக அடங்கியது. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். வளவு வாசல் வரப்போகிறது. குழாயடியில் எதிர்வீட்டுக்காரி நிற்பாள், பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்த இடத்துலதான் நின்ன?" என்று கேட்டார்.

"வளையல் கடையில."

அவர் நடையை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார்.

"பொறவு?" என்றார்.