கடைசிக் கேஸ்

எனக்கு எய்ட்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்காத ஆள் எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் இல்லை. அது என் சங்கதி, போங்கடா! எனக்கு அதைவிடப் பெரிய தொல்லை முதுகெலும்பில் பிடித்த காசநோய். வரக்காப்பொலப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன் நான். எலும்புக்குள் சீழ் கட்டி, நரம்பை நெரித்து, கால் இரண்டும் மரத்துக்கொண்டே வந்தன. சீக்கிரம் வெட்டி எடுக்காவிட்டால் இனி நடையே கிடையாது என்றார் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர்.

சொன்னார் சரி, வெட்டவேண்டுமே! என்னைப் போல எய்ட்ஸ் உள்ள ஆளை அன்றைய ஆப்பரேஷன்களில் கடைசியாக எடுப்பதுதான் அங்கே வழக்கம். பிறகு தியேட்டரை நன்றாகக் கழுவலாமாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் கிடப்பேன். சாயங்காலம் நர்ஸ் வந்து, "இன்னைக்கு நேரம் போயிருச்சு, அடுத்த கிழமை பார்ப்போம்" என்பார். அடுத்த கிழமையும் அதே கதை. அதற்குள் பாதத்தைக் கிள்ளினாலும் தெரியவில்லை. வெளியே சிரித்தேன், உள்ளுக்குள் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

என் சம்சாரத்துக்குச் சிரிப்பெல்லாம் ஆகாது. மறு வாரம் வாளியும் தரை கழுவுகிற தும்புத்தடியுமாகத் தியேட்டர் வாசலில் போய் நின்றுவிட்டாள். சிற்றூழியர்கள் விரட்டினார்கள். அசைவாளா? பெரிய டொக்டர் வந்ததும் சிங்களத்திலேயே பிடித்துக்கொண்டாள். கழுவுவதுதான் கஷ்டமென்றால் அதை அவளே செய்கிறாளாம், புருஷனை மட்டும் முதலில் எடுக்கவேண்டுமாம்.

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு முகம் மாறியது. "எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே கழுவணும்? இவரை முதல்ல ஏத்துங்க" என்றார்.

உள்ளே பார்த்தால், எல்லோருக்கும் இரண்டு ஜோடி கையுறை, கண்ணாடி, கணுக்கால்வரை பிளாஸ்டிக் அங்கி. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, தட்டில் வைத்துத்தான் எடுக்கவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அட்டை கடிக்கிற காட்டுக்கா போறீங்க?" என்றேன். முகமூடிக்குள் யாரோ சிரித்தது கேட்டது. அவ்வளவுதான் ஞாபகம்.

மறுநாள் டொக்டர் கட்டிலருகே வந்து போர்வையை விலக்கினார். கையுறை போடாத கையால் என் பாதத்தைப் பிடித்தார்.

"ஐயோ டொக்டர், கை ஐஸ் மாதிரி இருக்குங்க!"

அவர் கையை எடுக்கவில்லை. சம்சாரம் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இவளுக்கு என்ன கேடு என்று ஒரு நிமிடம் எனக்கு விளங்கவேயில்லை.